ஊர்ப் பஞ்சாயத்து முதல் மக்கள் நீதிமன்றம் வரை: தகராறைப் பேசித் தீர்க்க முழுமையான வழிகாட்டி

பத்து வருஷத்துக்கு முன் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வெற்றிலை பாக்கு மாற்றி முடித்துக்கொண்ட பங்காளித் தகராறு, இன்று முன்சீப் கோர்ட்டில் அசல் வழக்காக நிற்கும். தோண்டிப் பார்த்தால் அன்றைய பேச்சில் பெரிய குறை இருக்காது. பேசியதை எழுதிய விதத்திலோ, எழுதியதைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்திலோதான் ஓட்டை இருக்கும். பேச்சை ஆலமரத்தடியிலும் நடத்தலாம், மாமா வீட்டுத் திண்ணையிலும் நடத்தலாம். கையெழுத்து எங்கே, எந்தக் காகிதத்தில் விழுகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

நிலம், பாகப்பிரிவினை, கடன், வாடகை, பாதை, கிணறு போன்ற தகராறுகளைத் தமிழ்நாட்டில் கோர்ட்டுக்கு வெளியேயோ, கோர்ட்டின் துணையோடோ பேசி முடிப்பவர்களுக்கானது இது.

முதலில் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்வோம். "பஞ்சாயத்து" என்றால் நம் பேச்சில் மூன்று அர்த்தம். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றம் ஒன்று; அதன் தலைவருக்கு ரோடு போடலாம், தண்ணீர் விடலாம், சொத்து வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. இரண்டு தரப்பும் விரும்பிக் கூப்பிடும் ஊர்ப் பெரியவர்கள் இரண்டாவது. பயமுறுத்தி உட்கார வைத்துக் கமிஷன் வாங்கும் கட்டப்பஞ்சாயத்து மூன்றாவது. சென்னை மாகாணத்தில் 1816-ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் கிராமப் பஞ்சாயத்துக்கும் கிராம முன்சீப்புக்கும் சிறு வழக்குகளை விசாரிக்கச் சட்டப்படியே அதிகாரம் கொடுத்திருந்தன. "நாட்டாமை சொன்னால் தீர்ப்பு" என்ற நினைப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதில் ஆச்சரியமில்லை. அந்த அதிகாரம் போய்விட்டது. மிஞ்சியிருப்பது மரியாதை மட்டும். அந்த மரியாதை மதிப்புள்ளதுதான், ஆனால் அதை வைத்து ஜப்தி செய்ய முடியாது.

படி 1: இது பேசித் தீர்க்கக்கூடிய விஷயமா?

பணம், சொத்து, வழி, வரப்பு, வாடகை, வியாபாரக் கணக்கு, ஜீவனாம்சத் தொகை, விபத்து நஷ்டஈடு, செக் பவுன்ஸ்: இவை எல்லாம் பேசலாம். செக் வழக்கு குற்ற வழக்குதான் என்றாலும், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 147-ஆம் பிரிவு அதை ராஜியாக்க, அதாவது சமாதானமாக முடித்துக்கொள்ள, அனுமதிக்கிறது. லேசான அடிதடி போன்ற சில குற்றங்களைப் பாதிக்கப்பட்டவரே சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். எவை என்ற பட்டியல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆம் பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலை 1-க்கு முன்பு அது பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு.

பேசக்கூடாதவை: பாலியல் வன்முறை, போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்), கொலை, வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு. பாலியல் வல்லுறவில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் மதன்லால் வழக்கில் சொல்லியிருக்கிறது. "பொண்ணு வாழ்க்கை கெட்டுப்போகும், பேசி முடிச்சுக்கலாம்" என்று உட்காருகிற கூட்டம், சாட்சியைக் கலைக்கிற கூட்டம். புகாரை அமுக்குவதற்காகப் பணம் பேசி எழுதும் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி செல்லாது.

இன்னொன்று, நிறையப் பேர் மாட்டிக்கொள்வது: பஞ்சாயத்தில் "தீர்த்துவிடுவது". கணவன் மனைவி இருவரும் 20 ரூபாய் பத்திரத்தில் விடுதலை எழுதிக்கொண்டால் திருமணம் ரத்தாகாது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்கப்படியான விவாகரத்தைக் காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும், அது லேசில் முடிகிற வேலையில்லை. அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவர்கள் இருதார வழக்கில் நிற்கலாம். மக்கள் நீதிமன்றமும் விவாகரத்து கொடுக்காது. அதற்குக் குடும்ப நீதிமன்றம்தான் வழி. பிரிவதற்கான பணம், நகை, குழந்தைகளைப் பார்க்கும் நாள் ஆகியவற்றை மட்டும் சமரசத்தில் பேசி அங்கே கொண்டுபோகலாம்.

படி 2: காலண்டரைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்

பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காகச் சட்டத்தின் கெடு நிற்காது. கடன் கொடுத்தவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புரோநோட்டுக்கு மூன்று வருஷம். "அடுத்த அறுவடைக்கு", "பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று நான்கு பஞ்சாயத்து நடந்தபின் பார்த்தால் மூன்று வருஷமும் ஒரு வாரமும் ஆகியிருக்கும்.

செக்கில் கெடு இன்னும் இறுக்கம். செக் திரும்பியதாக வங்கி தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பணம் கட்ட 15 நாள் விட வேண்டும், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார் மனு போட வேண்டும். எனவே நோட்டீஸை முதலில் அனுப்பிவிட்டுப் பேசப் போங்கள். பேச்சு கெட்டுவிடும் என்று தயங்க வேண்டாம்.

கடனில் கெடுவைப் புதுப்பிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கெடு முடிவதற்கு முன்பே கடனாளி "இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கும். பஞ்சாயத்தின் முதல் நாளே இந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். வாய்தா கேட்கிறவர் அதற்கு மறுத்தால், அவர் எதற்காக வாய்தா கேட்கிறார் என்று தெரிந்துவிடும்.

படி 3: எந்தக் கதவைத் தட்டுவது

ஊர்ப் பெரியவர்கள். செலவில்லை, விஷயம் தெரிந்தவர்கள், வரப்பை நேரில் பார்த்தவர்கள். பங்காளிகளுக்குள், பக்கத்து நிலத்துக்காரர்களுக்குள் ஏற்படும் தகராறுக்கு இவர்களை விஞ்ச ஆளில்லை. ஒரு தரப்பு சாதியிலோ பணத்திலோ மேலே இருந்தாலும், பெண் ஒருத்தி தன் பங்கைக் கேட்டு வந்தாலும் இந்த இடம் பொதுவாகச் சாயும். அப்படிப்பட்டவற்றை நேரே அடுத்த கதவுக்குக் கொண்டுபோவது நல்லது.

சமரச மையம். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கிய மையம்தான் நாட்டில் கோர்ட்டோடு இணைந்த முதல் சமரச மையம். இப்போது மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் இருக்கிறது. வழக்கு ஏற்கனவே கோர்ட்டில் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின் கீழ் நீதிபதியே அனுப்புவார். உங்கள் வக்கீல் ஒரு மெமோ போட்டும் கேட்கலாம். பயிற்சி பெற்ற சமரசர் உட்காருவார், அவருக்குக் கட்சிக்காரர் ஃபீஸ் கொடுக்க வேண்டியதில்லை. அவர் தீர்ப்புச் சொல்லமாட்டார். ஒத்துவராவிட்டால் வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்ததோ அங்கேயே திரும்பிப் போகும், நஷ்டமில்லை.

மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் நடப்பது. பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதியோடு வக்கீலோ சமூகப் பணியாளரோ அமர்வார்கள். கோர்ட்டுக்கு இன்னும் போகாத தகராறையும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்துப் பதியலாம். கட்டணம் கிடையாது. சமரசம் ஆனால் அது சிவில் கோர்ட் டிகிரிக்கு, அதாவது கோர்ட் மூலம் நிறைவேற்றக்கூடிய தீர்ப்பாணைக்கு, சமம், அப்பீலும் கிடையாது. ஆகாவிட்டால் அவர்களாக ஒரு தீர்ப்பை உங்கள் தலையில் கட்ட முடியாது. விபத்து நஷ்டஈட்டை இரு தரப்பும் ஒத்துக்கொள்ளாமலே கூட்டிக் கொடுத்த ஒரு உத்தரவை உச்ச நீதிமன்றம் 2008-இல் ஜலூர் சிங் வழக்கில் செல்லாது என்றது. "ஒத்துக்கிட்டாத்தான் இங்கிருந்து போகலாம்" என்று யாராவது சொன்னால் அது தவறு.

நிரந்தர மக்கள் நீதிமன்றம் பெயரில் மட்டும்தான் ஒன்று போல, வேலை வேறு. மின்சாரம், குடிநீர், தபால், தொலைபேசி, போக்குவரத்து, மருத்துவமனை, காப்பீடு போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் பற்றிய, 1 கோடி ரூபாய்க்கு மேற்படாத தகராறுகள் இங்கே வரும். கோர்ட்டுக்குப் போகும் முன்பே வர வேண்டும். முதலில் சமரசத்துக்கு முயல்வார்கள். முடியாவிட்டால் இவர்களே தீர்ப்புச் சொல்வார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து தலையாட்டிவிட்டுப் போகிற இடமாக இது இல்லாததற்கு அதுவே காரணம். ஆனால் மனு போட்டபின் அதே விஷயத்துக்கு வேறு கோர்ட்டுக்குப் போக முடியாது, யோசித்துப் போடுங்கள்.

வியாபாரத் தகராறா, மதிப்பு 3 லட்சத்துக்குக் குறையாததா? அவசர இடைக்காலத் தடை எதுவும் கேட்கவில்லை என்றால், வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12-ஏ பிரிவுப்படி வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போவது கட்டாயம். போகாமல் போட்ட வழக்கு நிராகரிக்கப்படும் என்று 2022-இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் முடிவாயிற்று. இங்கே மட்டும் ஒரு சலுகை: சமரசத்தில் செலவான நாட்கள் காலக்கெடுவில் சேராது.

2023-இல் மத்தியஸ்தத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதன் பிரிவுகள் எல்லாம் ஒரே நாளில் அமலாகவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி ஒரு பகுதிதான் அமலுக்கு வந்தது. அதை நம்பித் தனியார் சமரசருக்குப் போகும்முன், உங்களுக்குத் தேவையான பிரிவு அன்றைக்கு அமலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தில் ஊர்ச் சமாதானத்துக்கான சமூக மத்தியஸ்தம் என்று ஓர் அத்தியாயம் உண்டு. அதன்படி எழுதும் உடன்பாட்டுக்கு டிகிரியின் பலம் இல்லை என்று சட்டமே சொல்லிவிட்டது.

எந்தக் கதவு என்று தெரியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் வருமானக் கணக்கு இல்லாமலே இலவச வக்கீல் பெறத் தகுதியுள்ளவர்கள்.

படி 4: காகிதம் சேர்ப்பது

நிலமென்றால் மூலப்பத்திரம், அதற்குப் பின் வந்த கிரயங்கள், பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம், வில்லங்கச் சான்று. வில்லங்கம் இரு தரப்பின் பேரிலும் போடப்பட வேண்டும். எதிர்த்தரப்பு ஏற்கனவே அடமானம் வைத்த இடத்தை உங்களுக்குப் பங்காகத் தள்ளிவிடுவது பழைய தந்திரம். வரப்புத் தகராறில் சர்வேயரை அளக்கவைக்காமல் உட்கார வேண்டாம். அளந்தபின் பாதித் தகராறு தானாகக் கரைந்துபோவதும் உண்டு, சண்டை போட்ட ஒன்றரை அடி இருவருக்குமே சேராமல் புறம்போக்கில் இருந்ததாகத் தெரியவரும்.

பாகப்பிரிவினையில் வாரிசுச் சான்றுதான் ஆணிவேர். அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஆளோ, அவர் எழுதிக் கொடுத்த பவரோ வர வேண்டும். பெண் பிள்ளைகளை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் பிரித்துக்கொள்ளும் பஞ்சாயத்துகள் இன்னும் நடக்கின்றன. "சீர் செஞ்சாச்சே" என்பது வாடிக்கையான பதில். சீர் செய்ததால் பங்கு போகாது. தமிழ்நாட்டில் 1989 முதலே மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு, 2005-இல் மத்திய அரசின் திருத்தமும் வந்தது, 2020-இல் வினீதா சர்மா தீர்ப்பு மீதிச் சந்தேகத்தைத் தீர்த்தது. மகள் தன் பங்கை விட விரும்பினால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். வாயால் "எனக்கு வேண்டாம்" என்றது பத்து வருஷம் கழித்து அவர் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது.

மைனர் பங்கு இருந்தால் நிறுத்துங்கள். மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ மாற்றவோ தாய் தகப்பனே ஆனாலும் கோர்ட் அனுமதி வேண்டும், வழக்கில் மைனர் சார்பாக ராஜி செய்வதற்கும் தனி அனுமதி வேண்டும். இதை விட்டால் அந்தப் பிள்ளை மேஜரானதும் மொத்தத்தையும் கலைக்கலாம்.

படி 5: ஊர்ப் பெரியவர்கள் முன் உட்காரும்போது

மூன்று பேரோ ஐந்து பேரோ போதும், ஆளுக்கு ஒருவரை அவரவர் சொல்லட்டும், மற்றவர் பொது. பதினைந்து பேர் கூடினால் அங்கே நடப்பது வேடிக்கை. ஒரு நேரத்தில் ஒருவர் பேசுவது, செல்போன் பதிவு கிடையாது, பெண்கள் நேரில் பேசுவது, பழைய கதை ஒருமுறைக்கு மேல் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"பஞ்சாயத்தார் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்" என்று முச்சலிக்கா எழுதும் பழக்கம் உண்டு. எழுதும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தகராறு இன்னது, முடிவு செய்பவர்கள் இன்னார், அவர்கள் முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டால், அதை 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின்கீழ் வரும் நடுவர் ஒப்பந்தம் என்று வாதிட முடியும். அப்படி வேண்டுமென்றால் ஒழுங்காகச் செய்யுங்கள்: நடுவர் எண்ணிக்கை ஒற்றைப்படையில், இருவர் தரப்பையும் கேட்டபின், காரணத்தோடு எழுதிய தீர்ப்பு, நடுவர்களின் கையெழுத்து, ஆளுக்கொரு நகல். அதை எதிர்க்க மூன்று மாதமும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 30 நாளும்தான் உண்டு. அதன்பின் அது டிகிரி போல நிறைவேறும். வேண்டாமென்றால் முச்சலிக்காவில் கைவைக்காதீர்கள்.

கட்டப்பஞ்சாயத்தை அடையாளம் காண அதிக நேரம் ஆகாது. நீங்கள் கூப்பிடாமலே ஆள் வருவார். வசூலாகும் தொகையில் பங்கு பேசுவார். வெற்றுப் பத்திரத்திலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்துக் கேட்பார். ஊருக்குத் தண்டம் கட்டு, கட்டாவிட்டால் ஒதுக்கி வைப்போம் என்பார்கள். தண்டம் விதிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கட்டப்பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம், வேரோடு களைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தமிழ்நாட்டு வழக்கான ஆறுமுகம் சேர்வை வழக்கிலேயே சொல்லிவிட்டது. பட்டியல் சாதியினரை ஊர் ஒதுக்கி வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். காவல் நிலையத்திலேயே பேசி முடிக்கச் சொன்னால், மனுவுக்கு சி.எஸ்.ஆர் ரசீது வாங்காமல் பேச உட்காராதீர்கள். சொத்து யாருக்கு என்று முடிவு செய்வது காவல் துறையின் வேலை இல்லை.

படி 6: சமரச அமர்வுக்குள்

முதலில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைப்பார்கள். பிறகு சமரசர் ஒவ்வொரு தரப்பையும் தனியே கூப்பிட்டுப் பேசுவார். உண்மையான வேலை அந்தத் தனி அறையில்தான். வெளியே "ஒரு அடி கூட விடமாட்டேன்" என்றவர் உள்ளே வந்ததும், "வழியை விட்டுடுவேன் சார், ஆனா அவன் எங்கப்பா கருமாதிக்கு வரல" என்பார். அதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. சமரசத்தில் இருக்கிறது.

அங்கே சொல்வது ரகசியம். நீங்கள் அனுமதிக்காமல் சமரசர் மறுதரப்பிடம் சொல்லக்கூடாது. பேச்சு தோற்றுப்போனால் "சமரசம் ஆகவில்லை" என்று மட்டும் கோர்ட்டுக்கு எழுத வேண்டும், யார் என்ன விட்டுக்கொடுத்தார் என்று எழுதக்கூடாது. 2010-இல் மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொன்னது. எனவே தைரியமாகப் பேசலாம்.

போகும்முன் வீட்டில் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: கேட்கப்போவது எவ்வளவு, அதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்பது எவ்வளவு. இரண்டாவது எண்ணைப் போடும்போது வழக்கு நடத்தினால் ஆகும் வருஷம், வக்கீல் ஃபீஸ், ஜெயித்தாலும் வசூலாகுமா என்பதையெல்லாம் கழித்துப் போடுங்கள். முடிவெடுக்கும் ஆள் நேரில் வர வேண்டும். மைத்துனரை அனுப்பிவிட்டு, மாலையில் போனில் "அதெல்லாம் முடியாது" என்பதால்தான் பாதி அமர்வுகள் வீணாகின்றன.

படி 7: ஒப்பந்தம் எழுதுவது

இங்கே அவசரப்படாதீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் களைத்துப்போய், "எழுதிடலாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுதும் வரிதான் பின்னால் வழக்காகும். ஒரு பாதைத் தகராறில் வழக்கமாக எழுதும் வரி இப்படி இருக்கும்:

"வடபுறம் வண்டி போகும் அளவுக்கு வழி விட்டுக்கொள்ள வேண்டியது."

எந்த வண்டி? மாட்டுவண்டியா, டிராக்டரா, நெல் அறுக்கும் இயந்திரமா? வழி சொந்தமாகக் கொடுத்ததா, நடக்க மட்டும் உரிமையா? அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

"அ தரப்பாருக்குப் பாத்தியப்பட்ட சர்வே எண் 112/3-இன் வடக்கு எல்லையை ஒட்டி, கிழக்கே ஊராட்சிச் சாலை முதல் மேற்கே 112/4-இன் கிழக்கு வரப்பு வரை, தென்வடல் 10 அடி அகலமும் கிழமேல் 240 அடி நீளமும் கொண்ட, இணைப்பு வரைபடத்தில் சிவப்பில் காட்டிய இடத்தில், ஆ தரப்பாரும் அவர் வாரிசுகளும் அவரிடம் கிரயம் பெறுபவர்களும் ஆள், கால்நடை, டிராக்டர், அறுவடை இயந்திரம் போக்குவரத்து செய்துகொள்ளலாம். இடத்தின் உரிமை அ தரப்பாருடையதே. மேற்படி இடத்தில் உள்ள வேலியை அ தரப்பார் 30 நாளுக்குள் தம் செலவில் அகற்றித் தர வேண்டும்."

சுமார் ஐந்தரை சென்ட் இடம். இத்தனை வரி தேவையா என்று கேட்பார்கள். தேவை. கிணறு என்றால் முறை எத்தனை நாள், எத்தனை மணி நேரம், மின் இணைப்பு யார் பெயரில், மோட்டார் எரிந்தால் யார் கட்டுவது என்றும் எழுத வேண்டும்.

பணத்தில் ஒரு நுணுக்கம். 4 லட்சம் கடன், 3,60,000-க்குப் பேசி முடித்தது என்று வைப்போம். "3,60,000 கொடுக்க வேண்டும், தவறினால் 40,000 அபராதம்" என்று எழுதினால், அபராதம் அதிகம் என்று வாதாட இடம் கிடைக்கும். மாற்றி எழுதுங்கள்: கடன் 4,00,000 என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது, கையெழுத்தாகும் அன்று 60,000, அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் 30,000 வீதம் பத்து தவணை, வங்கிக் கணக்கு வழியாக, இப்படித் தவறாமல் கட்டினால் மீதி 40,000 தள்ளுபடி, இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் தள்ளுபடி ரத்து, கட்டியது போக முழு பாக்கியும் உடனே வட்டியோடு வசூலிக்கத்தக்கது. கணக்கு ஒன்றுதான். சலுகையாக எழுதியதால் அது அபராதமாகாது.

எந்த வழக்கை யார் எந்தத் தேதிக்குள் வாபஸ் பெறுவது, அசல் பத்திரமும் செக்கும் யார் கையில் எப்போது திரும்புவது என்பதையும் சேர்க்கவும். பணம் முழுக்க வந்தபின்தான் வழக்கு முடியும் என்றால் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் புரிந்துகொண்டார் என்று ஒரு வரியும், வாசித்தவர் கையெழுத்தும் வேண்டும்.

படி 8: அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது

20 ரூபாய் பத்திரத்தில் எழுதினால் எல்லாம் பலம் என்ற நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தில் உரிமையை உண்டாக்கும் அல்லது விட்டுக்கொடுக்கும் ஆவணம் எதுவானாலும், பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி பதிய வேண்டும். பதியாத ஆவணத்தால் உரிமை மாறாது. முத்திரைத் தீர்வை குறைந்தால் அதைக் கட்டி, பத்து மடங்கு வரை அபராதமும் கட்டினால்தான் சாட்சியமாகவே ஏற்பார்கள்.

கூர்ச்சீட்டு, அதாவது பங்காளிகள் பாகம் பிரித்ததை எழுதிக்கொள்ளும் சீட்டு, இங்கேதான் தடுக்கிவிடும். முன்பே வாய்மொழியாகப் பிரித்து அனுபவித்து வருவதைப் பின்னால் நினைவுக்காக எழுதிய குறிப்புக்குப் பதிவு வேண்டாம் என்பது 1976-இல் காலே வழக்கிலிருந்து நிலைத்த சட்டம். ஆனால் கூர்ச்சீட்டை எழுதுபவர் "இன்று முதல் இன்னின்னார் இன்னின்ன சொத்தை அடைந்துகொள்ள வேண்டியது" என்று எழுதிவிடுவார். அந்த "இன்று முதல்" ஒன்றே அதைப் பதிவு தேவைப்படும் பாகப்பிரிவினைப் பத்திரமாக்கிவிடும். சந்தேகம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினையாகவே பதிந்துவிடுங்கள்.

வழக்கு நிலுவையில் இருந்தால், ஊரில் பேசி முடித்ததையும் ராஜி மனுவாகக் கோர்ட்டில் போட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 23, ரூல் 3 கீழ் டிகிரியாக்குங்கள். வழக்குச் சொத்துக்குள்ளேயே அடங்கும் ராஜி டிகிரிக்குப் பதிவு தேவையில்லை. வழக்கில் இல்லாத வேறு சொத்தைச் சேர்த்தால் பதிய வேண்டும். பாகப்பிரிவினை இறுதி டிகிரி என்றால் முத்திரைத்தாள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் முன்பே சேருங்கள். வழக்கு இல்லையென்றால், பேசி முடித்த வாசகத்தோடு இரு தரப்பும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் முன்வழக்கு மனு (வழக்குப் போடும் முன்பே கொடுப்பது) கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் அவார்டாக, அதாவது அதன் தீர்ப்பாக, வாங்கலாம். ஊர்ப் பேச்சுக்கு அரசு முத்திரை கிடைக்க இதைவிட மலிவான வழி இல்லை. பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

அவார்டில் கட்சிக்காரர்களே கையெழுத்திடுங்கள், வக்கீலை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம். கையெழுத்தானபின் "யோசிச்சுப் பாத்தேன், கம்மி" என்று சொல்ல முடியாது. மோசடி என்றால்கூடத் தனி வழக்கு போட முடியாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி என்று 2017-இல் பார்கவி கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் வழக்கில் முடிவாகிவிட்டது.

கோர்ட் ஃபீஸைத் திரும்பக் கேட்க மறக்காதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தாலும், சமரச மையத்தில் முடிந்தாலும் கட்டிய கட்டணம் திரும்பும். கட்சிக்காரர்கள் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் திரும்பும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. சுப்பிரமணியம் வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதி செய்தது. உத்தரவில் அந்த வரி இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். இல்லாவிட்டால் மெமோ போடச் சொல்லுங்கள்.

சொன்னபடி நடக்காவிட்டால்

மறுபடி பஞ்சாயத்து கூட்ட வேண்டாம். டிகிரியோ அவார்டோ கையில் இருந்தால் நிறைவேற்று மனு போடலாம், அதாவது ஈ.பி.; சொத்து ஜப்தி, சம்பளப் பிடித்தம், சுவாதீனம் எல்லாம் அதில் வரும். இதற்கு 12 வருஷம் கெடு. வேலியை எடு, சுவரை இடி போன்ற கட்டளை என்றால் மூன்றே வருஷம்தான். இந்த வித்தியாசம் தெரியாமல் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது என்று காத்திருந்து கோட்டை விடுவார்கள்.

வெறும் பஞ்சாயத்துக் காகிதம் மட்டும் இருந்தால், அதை ஒப்பந்தமாக வைத்துப் புதிதாக வழக்கு போட வேண்டியிருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட பெரியவர்கள் உயிரோடும், வாய் திறக்கும் மனசோடும் இருக்க வேண்டும். அதனால் சாட்சிகளில் ஒருவராவது நாற்பது வயதுக்குக் கீழே இருக்கட்டும். கையெழுத்தான வாரமே சான்றிட்ட நகல் இரண்டு எடுத்து, பட்டா மாறுதலுக்கு ஒன்றை இணைத்து மனு கொடுத்துவிடுங்கள்.